அரசிழந்த மன்னரும் அவர் மருத்துவரும்

வெற்றி பெற்ற ஆட்சியினர், தோற்ற மன்னரை அவர் நாட்டிலேயே இருக்க விடுவதில்லை. இலங்கையில் கண்டியை ஆண்ட இறுதி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் 1816-ஆம் ஆண்டு வேலூருக்குக் கொணரப்பட்டு, 1832-இல் அவ்வூரிலேயே உயிர் நீத்தார். பாலாற்றங்கரையில் அவர் அடக்கமான இடத்தை இன்றும் காணலாம். குடகு மன்னர் சிக்க வீரராஜேந்திரர் 1834-இல் முடியிழந்து காசிக்கு அனுப்பப்பட்டார். இத்தகைய மன்னர் வரிசையில் பஞ்சாபின் மகாராஜா துலீப் சிங்கும் ஒருவர். நாட்டை இழந்தபோது அவர் பத்து வயதுச் சிறுவர். அச்சிறுவரின் உடல்நலம், கல்வி, உடைமை, மானம் ஆகிய அனைத்தும் ஒரு மருத்துவரின் கையில் ஒப்படைக்கப்பட்டன. அம்மருத்துவரே சர் ஜான் லாகின்.

லாகின் 1809-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஸ்காத்லாந்தின் வடக்கே உள்ள ஆர்க்னித் தீவுகளில், ஸ்ட்ரோம்னெஸ் என்னும் துறைமுக ஊரில் பிறந்தார். நம் பழவேற்காட்டு ஏரிக்கரை ஊர்களைப் போலவே அதுவும் நீரையும் படகையும் நம்பி வாழ்ந்த ஊர். நெடுந்தொலைவு செல்லும் கப்பல்கள் அங்கே நின்று நன்னீர் நிரப்பிக்கொண்டு புறப்படும். அவை நீர் முகந்த கிணறு லாகின் குடும்பப் பெயராலேயே வழங்கிற்று. கடலாய்வாளர் குக்கின் கப்பல்கள் 1780-இல் நீர் கொண்டதும் அக்கிணற்றிலேதான். தொலைநாடுகளுக்குச் செல்லும் கலங்களைப் பார்த்தே வளர்ந்த சிறுவர், எடின்பரோவில் மருத்துவம் பயின்று, 1832-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் பிரிவில் மருத்துவராய்ச் சேர்ந்து இந்தியாவுக்குக் கப்பலேறினார்.

அவர் பணியாற்றிய இடங்கள் பல. 1839-இல் மேஜர் டாட் என்பவரின் தலைமையில் ஆப்கானிய நாட்டு ஹெராத் நகருக்குச் சென்ற தூதுக் குழுவில் லாகின் மருத்துவராய் இருந்தார். பாரசீகப் படையின் நெடிய முற்றுகையால் அந்நகரம் வறுமையில் வாடியிருந்தது. அங்கு நோயாளிகளைப் பேணியதில் மொழியும் சமயமும் வேறான மக்களோடு பழகும் பக்குவம் அவருக்கு வாய்த்தது. பின்னர் இலட்சுமணபுரி எனப்படும் லக்னோவில் ரெசிடென்சி மருத்துவரானார். 1842-இல் லீனா காம்பெல் என்னும் பெண்மணியை மணந்தார். இவ்வம்மையார் எழுதிவைத்த நூலாலேயே லாகினின் வாழ்வு இன்று நமக்கு விரிவாய்த் தெரிகின்றது.

பஞ்சாப் சிங்கம் எனப் பெயர்பெற்ற ரஞ்சித் சிங் 1839-இல் இறந்தார். அவருக்குப்பின் நான்காண்டுகளுக்குள் வாரிசுகள் பலர் ஒருவர்பின் ஒருவராய் மாண்டனர். 1843-இல் ஐந்து வயது துலீப் சிங் அரியணையில் அமர்த்தப்பட்டார். தாயார் மகாராணி ஜிந்தான் ஆட்சியைக் கவனித்து வந்தார். இரண்டு போர்கள் நிகழ்ந்தன. முதற்போரின்பின், 1847-இல், தாயும் மகனும் பிரிக்கப்பட்டனர். இரண்டாவது போரின் முடிவில், 1849-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 29-ஆம் நாள், பஞ்சாப் கம்பெனி ஆட்சியில் சேர்க்கப்பட்டது. சிறுவர் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அரசுரிமை நீங்கியது, அரசின் சொத்தெல்லாம் கம்பெனியைச் சேர்ந்தது, கோஹினூர் வைரம் இங்கிலாந்து அரசியாருக்கு உரியதாயிற்று. மன்னருக்கும் அவர் உறவினர்க்கும் பணியாளர்க்குமாக ஆண்டுக்கு நான்கு இலட்சத்துக்குக் குறையாமலும் ஐந்து இலட்சத்துக்கு மேற்படாமலும் உதவித் தொகை அளிப்பதென்றும், கவர்னர் ஜெனரல் குறிக்கும் இடத்தில் மன்னர் வாழவேண்டுமென்றும் விதிக்கப்பட்டது. பத்து வயதுக் குழந்தை இட்ட கையெழுத்துக்கு எவ்வளவு பொருளுண்டு என்பதை அக்காலத்தில் கேட்டவர் மிகச் சிலரே.

அடுத்த திங்களில் லாகின் லாகூர்க் கோட்டையின் தலைவராய் அமர்த்தப்பட்டார். கோட்டைக்குள்ளே தோஷகானா என்னும் அரச கருவூலம் இருந்தது. பொன் அரியணை, வெள்ளிக் கலங்கள், காசுமீரச் சால்வைகள், மணிகள் பதித்த வாட்கள், பட்டுக் கூடாரங்கள் என அங்கே குவிந்திருந்தவற்றை ஒவ்வொன்றாய்ப் பட்டியலிடும் பொறுப்பு லாகினுடையது. கருவூலத்தை முன்பு காத்து வந்த மிசர் மக்ராஜ் என்பவர் அவருக்குத் துணைநின்றார். கோஹினூரை விருந்தினர்க்குக் காட்டும்போது அதைக் கைவிட்டுக் கொடுத்துவிடலாகாது என்றும், அதைக் கட்டிய நாடாவைத் தம் விரல்களில் சுற்றிக்கொண்டே காட்டவேண்டும் என்றும் அவர் லாகினுக்குச் சொல்லிக் கொடுத்தார். அக்கல்லைக் காத்ததால் தம் குடும்பம் பட்ட துயரத்தை எண்ணி, அச்சுமை தம்மை விட்டு நீங்கியதில் அம்முதியவர் மகிழ்ந்தார் என்பர். அதே ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி நேரில் வந்து வைரத்தைப் பெற்றுச் சென்றார். லாகின் அதற்குப் பற்றுச்சீட்டு எழுதி வாங்கிக்கொண்டார். அக்கோட்டையில் ஓர் ஊசியைக் கூட அவர் கணக்கின்றிக் கைமாற விடவில்லை.

கருவூலத்தினும் அரிய பொறுப்பு ஒன்றும் அவரிடம் இருந்தது. அதுவே துலீப் சிங். தந்தை முகம் அறியாதவர், தாயைப் பிரிந்தவர், அரண்மனைக்குள் கொலைகளைக் கண்டு வளர்ந்தவர். லாகின் அச்சிறுவரின் நோய்களுக்கு மருந்து கொடுத்ததோடு நிற்கவில்லை. அவரோடு பேசினார், உடனமர்ந்து விளையாட்டுகளைக் கண்டு களித்தார், பருந்து கொண்டு வேட்டையாடுவதிலும் ஓவியம் தீட்டுவதிலும் அவருக்கிருந்த விருப்பத்தை வளர்த்தார். செப்டம்பர்த் திங்களில் மன்னரின் பதினோராம் பிறந்தநாள் வந்தது. அரசின் இசைவு பெற்று, அவர் தந்தையின் கருவூலத்திலிருந்தே ஓர் இலட்ச ரூபாய் மதிப்புள்ள அணிகலன்களை எடுத்து லாகின் அவருக்குப் பரிசளித்தார். சிறுவர் அவற்றை அணிந்து மகிழ்ந்தார். ஆயினும், சென்ற பிறந்தநாளில் தம் கையில் கோஹினூர் இருந்ததே என்று கள்ளமின்றிச் சொன்னார். அதற்கு மறுமொழி கூற லாகினால் எவ்வாறு இயலும்? அக்கல் அப்போது அவர் பூட்டிக் காத்த அறையிலேயே இருந்தது.

1849 டிசம்பர் இறுதியில் துலீப் சிங் லாகூரை விட்டு அகற்றப்பட்டார். கங்கைக் கரையில், பரூக்காபாத்தை அடுத்த பதேகர் அவருக்கு உறைவிடமாயிற்று. அவருடைய தமையனார் மகனான சிறுவர் சிவதேவ் சிங்கும் உடன் சென்றார். லாகின் அங்கே மன்னரின் காப்பாளர். ஆசிரியர்களைத் தேர்ந்தவரும் அவரே. வரவு செலவுக்கு அரசிடம் கணக்குக் கொடுத்தவரும் அவரே. கம்பெனியின் சம்பளம் பெறுபவராயினும், மன்னருக்குச் சேரவேண்டியது குறையுமிடத்து மேலதிகாரிகளோடு எழுத்தில் வாதிட அவர் தயங்கவில்லை.

பதேகரில் நிகழ்ந்த ஒன்றைப் பற்றி இன்றுவரை இருவேறு கருத்துகள் உண்டு. 1850 இறுதியில், லாகின் கல்கத்தா சென்றிருந்த சமயம், தாம் கிறித்தவ சமயத்தைத் தழுவ விரும்புவதாகத் துலீப் சிங் அறிவித்தார். பஜன் லால் என்னும் பணியாளர் அவருக்கு விவிலியத்தைப் படித்துக் காட்டி வந்தார். லாகின் ஆழ்ந்த சமயப்பற்றுடையவர். எனினும் கட்டாயம் எதுவும் நேர்ந்ததா என ஆராயப்பட்டது. பணியாளரின் வாக்குமூலங்கள் பெறப்பட்டன. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுத்திருந்து, 1853 மார்ச்சு 8-ஆம் நாளன்றே திருமுழுக்கு நடைபெற்றது. சிறுவர் தம் நீண்ட குழலை வெட்டி லாகினின் மனைவியாரிடம் கொடுத்தார். முறைகளில் குறை காண்பதற்கு இல்லை. ஆனால், தம் மக்களும் தாயும் அருகின்றி, அன்பு காட்டியோர் அனைவரும் ஒரே சமயத்தினராய் இருந்த இல்லத்தில், ஒரு சிறுவனின் விருப்பம் எவ்வளவு தன்விருப்பமாய் இருக்க முடியும்? லாகினின் நன்மனத்தை ஐயுற இடமில்லை. எனினும் இக்கேள்வியை எவரும் எளிதிற் கடந்துவிட இயலாது.

1854-இல் துலீப் சிங் லாகின் குடும்பத்தாருடன் இங்கிலாந்து சேர்ந்தார். விக்டோரியா அரசியார் அவரிடம் தாய்போல் அன்பு காட்டினார். அவ்வாண்டே லாகினுக்குச் சர் பட்டம் கிடைத்தது. அரண்மனையில் ஓவியர் விண்டர்ஹால்டர் மன்னரின் உருவத்தைத் தீட்டிக்கொண்டிருந்தபோது, கோஹினூரை மீண்டும் காண அவர் விரும்புவாரா என அரசியார் லாகின் அம்மையாரைக் கேட்டார். அம்மையார் நெஞ்சம் நடுங்கியது. வைரம் கொண்டுவரப்பட்டது. 186 காரட் எடையிருந்த அக்கல், 1852-இல் மீண்டும் பட்டை தீட்டப்பட்டு ஏறத்தாழ 106 காரட்டாய்ச் சுருங்கியிருந்தது. இளைஞர் அதைச் சாளரத்தருகே எடுத்துச் சென்று, ஒளியில் திருப்பித் திருப்பி நெடுநேரம் பேசாது நோக்கினார். பின்பு திரும்பி வந்து அதனை அரசியாரின் கையில் வைத்து வணங்கினார். அந்த நேரத்தில் அவர் மனத்தில் ஓடியவை எவை என்று லாகின் குடும்பத்தார் பல்லாண்டு நினைத்துப் பார்த்தனர்.

லாகினின் இல்லம் அரசிழந்த வேறொரு குடும்பத்துக்கும் புகலிடமாயிற்று. குடகு மன்னர் வீரராஜேந்திரர் தம் மகள் கௌரம்மாவை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றிருந்தார். அவ்விளவரசியும் சில காலம் லாகின் குடும்பத்தாரின் பாதுகாப்பில் வளர்ந்து, 1860-இல் லாகின் அம்மையாரின் உடன்பிறந்தார் ஒருவரை மணந்தார். குடகின் மலைகளையும் பஞ்சாபின் ஆறுகளையும் இழந்த இருவர் மழை நனைத்த அயல்நாட்டில் ஒரே மேசையில் உண்டனர்.

1857-இல் வடநாட்டில் எழுந்த பெரும் புரட்சியில் பதேகர் மாளிகை சூறையாடப்பட்டது. மன்னரின் பொருள்கள் பல அழிந்தன. துலீப் சிங் காப்பாளரின் கட்டிலிருந்து விடுபட்டுத் தாமே தம் காரியங்களைக் கவனிக்கும் வயதையும் அப்போது எட்டினார். லாகினின் மிகக் கடினமான பணி அதன்பின்னரே தொடங்கியது. ஒப்பந்தத்தில் நான்கு முதல் ஐந்து இலட்சம் எனக் குறித்திருந்தும், மன்னருக்கென நேரே அளிக்கப்பட்ட தொகை தொடக்கத்தில் ஆண்டுக்கு 1,20,000 ரூபாயே. உறவினரும் பணியாளரும் ஒவ்வொருவராய் இறக்க, அவர்களுக்குரிய தொகை எங்கே சென்றது? அது மன்னருக்கே சேரவேண்டும் என்பது லாகினின் வாதம். கருவூலத்தை ஊசி முதற்கொண்டு எண்ணிக் கொடுத்தவர், இப்பொழுது தம் அரசிடமே கணக்குக் கேட்டார். மனுமேல் மனுவாக எழுதினார். தெளிவான விடை வரவில்லை.

இதற்கிடையில் 1861-இல் துலீப் சிங் கல்கத்தா சென்று, பதின்மூன்று ஆண்டுகளுக்குப்பின் தம் அன்னையைக் கண்டார். மகாராணி ஜிந்தான் கண்பார்வை மங்கி முதுமையுற்றிருந்தார். மகனுடன் இங்கிலாந்து வந்த அவர், பஞ்சாபில் அவருக்குரிய குடும்பச் சொத்துகளைப் பற்றியெல்லாம் எடுத்துரைத்தார். தம் சொத்துகளைப் பற்றியும் கோஹினூரைப் பற்றியும் பேசவேண்டும் எனத் துலீப் சிங் லாகினுக்கு எழுதினார். இம்மாற்றம் லாகினுக்குக் கவலை அளித்தது. தாயும் மகனும் வேறுவேறு இல்லங்களில் இருப்பது நன்றென அவர் கருதினார். பிரிந்து வாடியவர்களை மீண்டும் பிரிக்க எண்ணியது அவருடைய வாழ்வில் நாம் ஒப்ப இயலாத செயல். ஆயினும் மன்னரின் பண உரிமைக்காக அவர் எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை.

1863 ஆகஸ்டு முதல் நாள் மகாராணி இலண்டனில் மறைந்தார். பதினொரு வாரங்கள் கழித்து, அக்டோபர் 18-ஆம் நாள், கிழக்குக் கடற்கரையிலுள்ள பீலிக்ஸ்டோ என்னும் ஊரில் லாகின் திடீரென உயிர் நீத்தார். அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. குறுகிய காலத்துக்குள் தாயையும், தந்தைபோல் நின்றவரையும் இழந்த துலீப் சிங் அடக்கத்தின்போது கதறி அழுதார். அவரே அவ்வூர்த் திருக்கோயிற் கல்லறைத் தோட்டத்தில் தம் மருத்துவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பினார்.

லாகின் தொடங்கிய கணக்கு வழக்கு முடிவுறவே இல்லை. எல்வெடன் என்னும் இடத்தில் பெரும்பண்ணை வாங்கி வாழ்ந்த துலீப் சிங், கேட்டவை கிடையாமையால் மனங்கசந்து 1886-இல் இந்தியாவுக்குப் புறப்பட்டார். ஏடனில் தடுத்து நிறுத்தப்பட்டார். அங்கேயே மே 25-ஆம் நாள் மீண்டும் சீக்கிய சமயத்தைத் தழுவினார். பஞ்சாபை அவர் பின்னர்க் காணவே இல்லை.

1890-இல், மன்னர் அரசோடு பகைத்துப் பாரிசில் வாழ்ந்திருந்த வேளையில், லாகின் அம்மையார் தம் கணவர் விட்டுச்சென்ற கடிதங்களையும் கணக்குகளையும் தொகுத்து ஒரு நூலாக வெளியிட்டார். மன்னர் கேட்ட பணத்தில் நியாயம் உண்டு என்பதை இங்கிலாந்து மக்கள் அதில் படித்தனர். மூன்றாண்டு கழித்து, 1893 அக்டோபர் 22-ஆம் நாள், துலீப் சிங் பாரிசில் காலமானார். அவர் உடல் எல்வெடனுக்குக் கொணரப்பட்டு அங்கே அடக்கம் செய்யப்பட்டது. எல்வெடனும் பீலிக்ஸ்டோவும் சபோக் என்னும் ஒரே மாவட்டத்தில் உள்ளன.