பாற்கடலை மண்ணில் தேடிய மன்னர்

கண்டி நகருக்கு வருவோரின் கண்ணில் முதலிற் படுவது வாவி. அதைச் சுற்றி நடப்போரில் மிகச் சிலரே அதன் பழைய பெயரை அறிவர். கிரி முகுத என்பது அப்பெயர். தமிழிற் சொன்னால் பாற்கடல். தேவரும் அசுரரும் கடைந்த கடலின் பெயரை நகரின் நடுவேயுள்ள ஒரு நீர்நிலைக்குச் சூட்டுவது தற்செயலாக நிகழக்கூடியதன்று. மலைகள் சூழ்ந்த இந்தச் சிறு தலைநகரை விண்ணுலகின் சாயலாகவே ஆக்கிவிடலாம் என்று நம்பிய ஒருவர் இங்கு ஆட்சி செய்திருக்கின்றார். அவரே கண்டி இராச்சியத்தின் இறுதி மன்னரான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன்.

அவரைப் பற்றி இரு வேறு கதைகள் நம் நாட்டில் உலவுகின்றன. ஒன்று, பச்சிளம் பாலகரையும் கொல்லத் துணிந்த கொடுங்கோலரின் கதை. மற்றது, அந்நியருக்கு அடிபணியாது ஆண்ட கடைசித் தமிழ் மன்னர் என்ற மேடைக் கதை. முதலாவதைப் பெரிதும் பரப்பியவர்கள் அவரை வென்றவர்கள். இரண்டாவதில் நமது பெருமிதம் உண்மையை விடச் சற்று உரத்துப் பேசுகின்றது. இரண்டிலும் அவர் கட்ட முனைந்த நகரம் ஓரமாக ஒதுக்கப்பட்டிருப்பதே நமது கவனத்துக்குரியது.

1780ஆம் ஆண்டிற் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் கண்ணுசாமி. மதுரை நாயக்கர் வழிவந்த குடும்பம். 1739இல் கண்டியின் சிங்கள அரச மரபு நேரடி வாரிசின்றி முடிவுற்றபோது, மறைந்த மன்னரின் பட்டத்தரசியின் சகோதரர் அரியணை ஏறினார். அன்று தொடங்கிய நாயக்கர் ஆட்சி பௌத்தத்தைப் பேணியது, தலதா மாளிகையைப் போற்றியது. ஆயினும் மண உறவுகளைத் தென்னிந்தியாவுடனேயே வைத்துக்கொண்டது. 1798இல் ராஜாதி ராஜசிங்கன் வாரிசின்றி மறைந்தார். முதலாம் அதிகாரான பிலிமத்தலாவை பதினெட்டு வயது இளைஞரான கண்ணுசாமியை அரியணையில் அமர்த்தினார். தாம் அசைக்கும் திசையில் அசையும் பொம்மையாக அவர் இருப்பார் என்பதே அதிகாரின் கணக்கு. அது தவறிப்போயிற்று.

1803இல் ஆங்கிலேயர் கண்டியைக் கைப்பற்றி, அரச குடும்பத்தைச் சேர்ந்த முத்துசாமியை மன்னராக்கிப் பார்த்தனர். சில மாதங்களுக்குள் நோயும் மழையும் கண்டிப் படைகளும் சேர்ந்து அந்த முயற்சியைச் சிதைத்தன. மேஜர் டேவியின் படை சரணடைந்து அழிந்தது, முத்துசாமி கொல்லப்பட்டார். ஐரோப்பியப் படையொன்றை முறியடித்த இளம் மன்னர் தலைநகரின் பக்கம் திரும்பினார்.

அடுத்த பத்தாண்டுகளில் அவர் செய்தவற்றையே இன்று நாம் கண்டி என்ற பெயரால் அறிகின்றோம். தலதா மாளிகையின் முகப்பில் எண்கோண வடிவிலான பத்திரிப்புவ எழுந்தது. அதன் சிற்பாசாரியார் தேவேந்திர மூலாச்சாரி. மாளிகையின் முன்னே வயல்களாகக் கிடந்த தாழ்நிலம் அணைகட்டி வாவியாக்கப்பட்டது. இப்பணி 1812இல் நிறைவெய்தியது. வாவியின் நடுவே சிறு தீவொன்று. கரையோரமாகவும் மாளிகையின் முன்பாகவும் அலையலையாய் எழுந்து தாழும் வெண்சுவர். சிங்களத்தில் அதை வலாகுளு பம்ம என்பர், மேகச் சுவர் என்பது பொருள். சுவரில் விளக்கேற்றுவதற்கான முக்கோண மாடங்கள். விழா நாட்களில் விளக்குகள் சுடர்விட, நீரில் அவை ஆட, எதிர்க்கரையில் நின்று நோக்குபவருக்கு மாளிகை மேகங்களுக்கு மேலே பாற்கடலின் கரையில் மிதப்பதாகவே தோன்றியிருக்கும். அமராவதி என்று நாம் சொல்லும் இந்திரனின் நகரத்தைச் சிங்களப் பௌத்த மரபு சக்கரனின் நகரமாக அறியும். அதுவே இங்கு மண்ணில் இறக்கப்பட்டது.

கண்டி நகரின் அமைப்பை ஆராய்ந்து 1990இல் நூலொன்றை வெளியிட்ட புவியியலாளர் ஜேம்ஸ் டங்கன் இதன் உட்பொருளை நன்கு விளக்கியுள்ளார். அரசன் எவ்வாறு இருக்கவேண்டும் என்பதற்கு அக்காலத்தில் இரண்டு இலட்சியங்கள் இருந்தன. ஒன்று சக்கரனின் வழி: மன்னன் தேவர்கோனின் நிழல், அவனுடைய நகரம் தேவலோகத்தின் நிழல், நகரம் செம்மையுற்றால் நாடும் செம்மையுறும். மற்றது அசோகனின் வழி: மன்னன் விகாரைகளுக்கும் வயல்களுக்கும் ஊர்க்குளங்களுக்கும் காவலன். விக்கிரம ராஜசிங்கன் முதலாவது வழியையே பெரிதும் நாடினார். குடிகளுக்கும் பிரபுக்களுக்கும் நினைவில் இருந்ததோ இரண்டாவது. அநுராதபுரத்திலும் பொலனறுவையிலும் மன்னர்கள் வெட்டிய குளங்கள் வயல்களுக்கு நீர் தந்தன. கண்டியின் குளமோ வயல்களை மூழ்கடித்து உருவானது. ஒரு வயலுக்கும் பாயவில்லை.

அதைக் கட்டியவர்கள் இராஜகாரிய முறையின் கீழ் அழைக்கப்பட்ட குடிகள். நிலத்தை அனுபவிப்பவன் அதற்கு ஈடாக அரசனுக்கு உடலுழைப்பைத் தருவது பழைய வழக்கம். அதற்கு அளவும் காலமும் இருந்தன. விதைப்பும் அறுவடையும் காத்திருக்க, மண் சுமக்கவும் கல் அடுக்கவும் ஆட்கள் தொடர்ந்து அழைக்கப்பட்டபோது முணுமுணுப்பு எழுந்தது. எதிர்த்த தலைவர்களை மன்னர் வாவியின் அடியிலேயே கழுவேற்றினார் என்று ஒரு கதை வழங்குகின்றது. உல்லாசப் பயணிகளுக்கு அதைச் சுவைபடச் சொல்வோரும் உளர். அதை வரலாறாகக் கொள்ள நாம் தயாரில்லை. ஆனால் இத்தகைய கதையொன்று பிறப்பதற்கு வேண்டிய மனக்கசப்பு அக்கரையில் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

குறைபாடற்ற சமுதாயம் என்ற கனவு கீழைத்தேயத்துக்கு மட்டும் உரியதன்று. தோமஸ் மூர் 1516இல் எழுதிய உட்டோப்பியாவில் தனியுடைமை இல்லை, பசியில்லை. ஆனால் அங்கும் அடிமைகள் உண்டு. மூர் தமது நகரத்தை ஏட்டில் மட்டுமே கட்டினார். கண்டி மன்னர் கல்லில் கட்டினார்.

அச்சம் வளரத் தொடங்கியது. சதி செய்ததற்காகப் பிலிமத்தலாவையின் தலை வீழ்ந்தது. அவரது இடத்துக்கு வந்த எஹலபொல, சப்ரகமுவவில் கிளர்ச்சி செய்து 1814இல் ஆங்கிலேயரிடம் ஓடினார். அவருடைய மனைவியும் பிள்ளைகளும் மன்னரின் பிடியில் இருந்தனர். அதே ஆண்டு மே மாதத்தில் பிள்ளைகள் தலை வெட்டப்பட்டு மாண்டனர். தாய் நீரில் மூழ்கடிக்கப்பட்டார். உரலும் உலக்கையுமாக இதற்கு மேல் சொல்லப்படுகின்ற விவரங்கள் எந்த அளவுக்கு மெய், எந்த அளவுக்குக் கொழும்பிலிருந்து தூண்டிவிடப்பட்ட பிரசாரம் என்ற வினா நியாயமானதே. ஆங்கிலேயரின் உளவுப் பணியை நடத்திய ஜோன் டொயிலிக்கு மன்னரைக் கொடியவராகக் காட்டும் தேவை இருந்தது. மானிடவியல் அறிஞர் கணநாத் ஒபேசேகர 2017இல் வெளியிட்ட நூலில் மன்னருக்காக வாதாடியிருப்பதும் இந்த அடிப்படையிலேயே. பிரபுக்களின் அதிகாரத்தை மன்னர் குறைக்க முயன்றதே அவர்களுடைய பகைக்கு முக்கிய காரணம் என்பதும் கவனிக்கத்தக்கது. இவற்றையெல்லாம் ஏற்றுக்கொண்ட பின்னரும் அந்தப் பிள்ளைகளின் மரணம் கணக்கிலிருந்து நீங்கிவிடாது. தமிழர் என்பதற்காக அதை மெல்லக் கடந்து செல்வது நமக்கு அழகன்று.

1815 பெப்ரவரி 14ஆம் திகதி ஆங்கிலப் படைகள் தலைநகருக்குள் பெரும் எதிர்ப்பின்றி நுழைந்தன. 1803இல் தமக்காகப் போரிட்ட குடிகளை மன்னர் இம்முறை தம் பக்கத்திற் காணவில்லை. நான்கு நாட்களில் மெதமகாநுவரப் பகுதியில் பிடிபட்டார். மார்ச் 2ஆம் திகதி மகுல் மடுவவில் ஆளுநர் பிரௌன்ரிக்கும் கண்டிப் பிரதானிகளும் ஒப்பந்தம் செய்துகொண்டனர். மலபாரி மன்னரின் கொடுமையே அவரது ஆட்சியுரிமையைப் பறித்தது என அது கூறிற்று. அவருடைய உறவினர் எவரும் கண்டி மாகாணங்களில் இருத்தலாகாது என்றும் விதித்தது. அவரை அந்நியராக்கிய அந்த ஆவணத்தில் பிரதானிகள் சிலர் தமிழ் எழுத்திலேயே கையொப்பமிட்டனர் என்பது வரலாற்றின் விநோதங்களுள் ஒன்று.

1816 ஜனவரியில் மன்னரும் குடும்பத்தினரும் கப்பலேற்றப்பட்டு வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவருடைய சிம்மாசனம் இங்கிலாந்து சென்று 1934இல் திரும்பியது; இன்று கொழும்பு தேசிய அரும்பொருட்காட்சியகத்தில் இருக்கின்றது. எஹலபொல எதிர்பார்த்த முடி அவருக்குக் கிட்டவில்லை. மொரீசியஸ் தீவுக்கு நாடுகடத்தப்பட்டு 1829இல் அங்கேயே இறந்தார். நீதியான ஆட்சியை வாக்களித்து வந்தவர்கள் 1818இல் ஊவாவிலும் வெல்லசவிலும் ஊர்களை எரித்துக் கிளர்ச்சியை அடக்கினர்.

விக்கிரம ராஜசிங்கன் 1832 ஜனவரி 30ஆம் திகதி வேலூரில் காலமானார். பாலாற்றங்கரையில் அவருக்குத் தமிழக அரசு எழுப்பிய முத்து மண்டபம் உள்ளது. அவர் மீது சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்று இராஜகாரிய உழைப்பை அளவுக்கு மீறி வாங்கினார் என்பது. அவரை அகற்றியவர்கள் அதே உழைப்பைக் கொண்டு கொழும்பு - கண்டி வீதிக்கு மலையை வெட்டினர். அம்முறையை அவர்கள் ஒழித்ததும் 1832இல்தான். மன்னர் தொடங்கிய மேகச் சுவர் மட்டும் வாவிக்கரையில் முற்றுப்பெறாமலே நிற்கின்றது.