ஜேம்ஸ் மெக்கீன் கட்டெல்

ஜேம்ஸ் மெக்கீன் கட்டெல் (மே 25, 1860 – ஜனவரி 20, 1944) ஓர் அமெரிக்க உளவியலாளரும் அறிவியல் இதழ்களின் பதிப்பாசிரியரும் ஆவார். உளவியலை அளவிடக்கூடிய ஓர் அறிவியலாக நிலைநிறுத்த முயன்ற முதல் தலைமுறையினருள் இவர் முக்கியமானவர். சைக்கலாஜிகல் ரிவியூ என்ற ஆய்விதழை 1894 இல் ஜேம்ஸ் மார்க் பால்ட்வினுடன் இணைந்து தொடங்கினார். சயன்ஸ் இதழை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நடத்தினார். அறிவியலாளர்களை எண்களால் வரிசைப்படுத்தும் முறையை அமெரிக்காவில் அறிமுகப்படுத்தியவரும் இவரே. இதனால் அறிவியல் அளவையியலின் முன்னோடிகளுள் ஒருவராகவும் இவர் கருதப்படுகிறார். ஆளுமை உளவியலில் பெயர் பெற்ற ரேமண்ட் கட்டெல் (1905–1998) வேறொருவர்.

இளமையும் கல்வியும்

கட்டெல் ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள ஈஸ்டன் நகரில் பிறந்தார். இவரது தந்தை வில்லியம் கட்டெல் ஒரு கிறித்தவ மத குரு. அவர் 1863 முதல் 1883 வரை ஈஸ்டனில் உள்ள லஃபயெட் கல்லூரியின் தலைவராக இருந்தார். கட்டெல் அதே கல்லூரியில் பயின்று 1880 இல் பட்டம் பெற்றார்.

பின்னர் மேற்படிப்புக்காக ஜெர்மனி சென்றார். 1882 இல் நாடு திரும்பி ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். அடுத்த ஆண்டு அந்த உதவித்தொகை அவருக்குக் கிடைக்கவில்லை. பின்னாளில் மெய்யியலாளராகப் புகழ்பெற்ற ஜான் டூயிக்கு அது வழங்கப்பட்டது. கட்டெல் 1883 இல் மீண்டும் ஜெர்மனி சென்று, லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட்டின் ஆய்வகத்தில் சேர்ந்தார். உலகின் முதல் உளவியல் ஆய்வகங்களுள் ஒன்றான அது 1879 இல் தொடங்கப்பட்டது. கட்டெல் அங்கு 1886 இல் முனைவர் பட்டம் பெற்றார்.

லைப்சிக்கில் அவர் செய்த ஆய்வுகள் எதிர்வினை நேரம் பற்றியவை. ஒரு தூண்டலைக் கண்டதற்கும் அதற்கு விடையளிப்பதற்கும் இடையே கழியும் நேரத்தை நுட்பமான கருவிகளைக் கொண்டு அவர் அளந்தார். கண நேரமே காட்டப்படும் எழுத்துக்களையும் சொற்களையும் மனிதர் எவ்வாறு படிக்கின்றனர் என்றும் ஆராய்ந்தார். பழகிய ஒரு சொல்லை மனம் எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிப்பதில்லை, முழுமையாகவே பற்றிக்கொள்கிறது என்பது அவர் கண்ட முடிவு. ஒரு பொருளின் பெயரைச் சொல்வதைவிட அப்பெயரை எழுத்தில் படிப்பது விரைவாக நிகழ்கிறது என்பதையும் அவர் காட்டினார். இம்முடிவுகள் வாசிப்பு உளவியலில் முக்கியமானவையாகக் கருதப்பட்டன.

கால்ட்டனின் தாக்கம்

1886 முதல் 1888 வரை கட்டெல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்தார். அக்காலத்தில் பிரான்சிஸ் கால்ட்டனுடன் அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது. எல்லா மனிதருக்கும் பொதுவான மன இயல்புகளைத் தேடியவர் வுண்ட். மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாடுகளை அளப்பதில் ஆர்வம் கொண்டிருந்தவர் கால்ட்டன். கட்டெல் இரண்டாமவரின் பாதையைத் தேர்ந்தெடுத்தார்.

கால்ட்டனின் இனமேம்பாட்டுக் கொள்கையையும் அவர் ஏற்றுக்கொண்டார். திறமை பெரும்பாலும் பிறப்பால் வருவது என்றும், திறமை மிக்கோர் தமக்குள் மணந்துகொள்ள வேண்டும் என்றும் அவர் நம்பினார். இக்கொள்கை பின்னாளில் பல நாடுகளில் பெருங்கொடுமைகளுக்கு இட்டுச் சென்றது. அறிவியலாகவும் அது நிலைக்கவில்லை. கட்டெலின் பணிகளை மதிப்பிடுவோர் இதனையும் சேர்த்தே கருத வேண்டியுள்ளது.

1889 இல் கட்டெல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியரானார். 1891 இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்கு மாறினார். எட்வர்ட் தார்ண்டைக், ராபர்ட் உட்வொர்த் முதலியோர் அங்கு அவரிடம் பயின்றவர்கள்.

மனச் சோதனைகளும் அவற்றின் தோல்வியும்

1890 இல் மைண்ட் என்ற ஆங்கிலேய இதழில் வெளியான கட்டுரையில், மனச் சோதனை என்ற சொல்லாட்சியைக் கட்டெல் அறிமுகப்படுத்தினார். அதில் பத்துச் சோதனைகளை முன்மொழிந்தார். கைப்பிடியின் வலிமை, கை அசைவின் வேகம், வலியை உணரும் அழுத்த அளவு, இரு எடைகளின் சிறு வேறுபாட்டை அறிதல், ஒலிக்கு எதிர்வினை ஆற்றும் நேரம், நிறங்களின் பெயரைச் சொல்லும் நேரம், ஒருமுறை கேட்ட எழுத்துக்களில் நினைவில் நிற்பவை ஆகியன அவற்றுள் சில. இத்தகைய எளிய அளவுகளைப் பெருமளவில் திரட்டினால் மனத்திறன் பற்றிய அறிவு தானே விளையும் என்பது அவரது எதிர்பார்ப்பு. கொலம்பியாவில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் இச்சோதனைகள் நடத்தப்பட்டன.

இந்த எதிர்பார்ப்பு அவரது மாணவர் ஒருவராலேயே முறிந்தது. கிளார்க் விஸ்லர், கார்ல் பியர்சன் உருவாக்கியிருந்த ஒட்டுறவுக் கணிப்பு முறையை இத்தரவுகளின் மீது பயன்படுத்தினார். ஒரு சோதனையில் சிறந்தவர் மற்றொன்றிலும் சிறந்திருப்பார் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. சோதனை முடிவுகளுக்கும் கல்லூரி மதிப்பெண்களுக்கும் இடையிலும் தொடர்பு மிகக் குறைவாகவே இருந்தது. மாறாக, வெவ்வேறு பாடங்களின் மதிப்பெண்கள் தமக்குள் தெளிவான தொடர்பு கொண்டிருந்தன. இந்த ஆய்வு 1901 இல், கட்டெல் தொடங்கிய சைக்கலாஜிகல் ரிவியூவின் துணை வெளியீட்டு வரிசையிலேயே அச்சாகியது.

விஸ்லரின் ஆய்வு முறையிலும் குறைகள் இருந்தன. ஒரே கல்லூரியின் மாணவர்கள் திறனில் ஏறத்தாழ ஒத்தவர்கள் என்பதால் ஒட்டுறவு குறைந்து தோன்றுவது இயல்பு. ஆயினும் அன்றைய உளவியலாளர்கள் இதனை முடிவான தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டனர். 1905 இல் பிரான்சில் ஆல்பிரட் பினேயும் தியோடர் சிமோனும் வெளியிட்ட, சிக்கலான சிந்தனையைச் சோதிக்கும் முறையே பின்னர் பரவியது. கட்டெல் ஆய்வகப் பணியிலிருந்து படிப்படியாக விலகினார். அவரது ஆற்றல் இதழ்களின் பக்கம் திரும்பியது.

சைக்கலாஜிகல் ரிவியூ

அமெரிக்காவின் முதல் உளவியல் ஆய்விதழான அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் சைக்காலஜியை ஸ்டான்லி ஹால் 1887 இல் தொடங்கினார். தம்மையும் தம் மாணவர்களையும் சார்ந்த ஆய்வுகளுக்கே அவர் இடமளிக்கிறார் என்ற மனக்குறை பிற உளவியலாளரிடையே இருந்தது. இதன் விளைவாகவே கட்டெலும் பால்ட்வினும் 1894 இல் சைக்கலாஜிகல் ரிவியூவைத் தொடங்கினர். உளவியல் வெளியீடுகளை ஆண்டுதோறும் பட்டியலிடும் சைக்கலாஜிகல் இண்டெக்ஸ் என்ற அடைவையும் இவ்விதழின் சார்பில் வெளியிட்டனர்.

இரு ஆசிரியர்களுக்கும் இடையே பிணக்கு ஏற்பட்டது. கட்டெல் தம் பங்கை விற்று விலக, இதழ் பால்ட்வினின் உடைமையாகியது. 1925 இல் இதழ் அமெரிக்க உளவியல் கழகத்தைச் சேர்ந்தது. கட்டெல் அக்கழகத்தின் தொடக்க உறுப்பினருள் ஒருவர். 1895 இல் அதன் தலைவராகவும் இருந்தவர்.

அமெரிக்க உளவியலின் போக்குகள் மாறிய விதத்தை இவ்விதழின் கட்டுரைகளைக் கொண்டே அறியலாம். அனிச்சைச் செயல் பற்றிய ஜான் டூயியின் 1896 ஆம் ஆண்டுக் கட்டுரை செயற்பாட்டியலுக்கு வழிகோலியது. ஜான் வாட்சனின் 1913 ஆம் ஆண்டுக் கட்டுரை நடத்தையியலின் அறிவிப்பாக அமைந்தது. ஆபிரகாம் மாஸ்லோ தேவைகளின் படிநிலைக் கோட்பாட்டை 1943 இல் இதில்தான் வெளியிட்டார். குறுங்கால நினைவின் கொள்ளளவைப் பற்றிய ஜார்ஜ் மில்லரின் கட்டுரை 1956 இல் வெளிவந்தது. செயற்கை நரம்பு வலையின் முன்னோடியான பெர்செப்ட்ரான் பற்றிய பிராங்க் ரோசன்பிளாட்டின் கட்டுரை 1958 இல் வெளிவந்தது.

சயன்ஸ் இதழ்

1880 இல் தாமஸ் எடிசனின் பண உதவியுடன் தொடங்கப்பட்ட சயன்ஸ் இதழ், பின்னர் அலெக்சாண்டர் கிரகாம் பெல் முதலியோரின் ஆதரவையும் பெற்றது. ஆயினும் 1894 இல் நின்றுபோனது. கட்டெல் அதனை வாங்கி, ஜனவரி 1895 இல் புதிய வரிசையாக மீண்டும் தொடங்கினார். 1900 இல் அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகத்துடன் ஓர் உடன்பாடு செய்துகொண்டார். இதன்படி கழகத்தின் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் சயன்ஸ் இதழ் அனுப்பப்பட்டது. கழகத்திற்கு ஓர் அதிகாரப்பூர்வ இதழும், இதழுக்கு நிலையான வாசகர்களும் ஒருங்கே கிடைத்தனர். பழ ஈக்களின் மரபியல் பற்றித் தாமஸ் ஹண்ட் மார்கன் 1910 இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இவ்விதழில் வெளியானது.

கட்டெல் பாப்புலர் சயன்ஸ் மன்த்லி, அமெரிக்கன் நேச்சுரலிஸ்ட் ஆகிய இதழ்களையும் நடத்தினார். 1915 இல் கல்விக்கென ஸ்கூல் அண்ட் சொசைட்டி என்ற இதழைத் தொடங்கினார்.

அறிவியலாளர்களின் தரவரிசை

மனத்திறனை நேரடியாக அளக்க இயலாதபோது, அதன் விளைவான புகழை அளக்கக் கட்டெல் முற்பட்டார். 1903 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், வாழ்க்கை வரலாற்று அகராதிகளில் ஒவ்வொருவருக்கும் ஒதுக்கப்பட்ட இடத்தை அளந்து, வரலாற்றில் மிகவும் புகழ்பெற்ற ஆயிரம் பேரை வரிசைப்படுத்தினார். நெப்போலியன் முதலிடத்தையும் சேக்சுபியர் இரண்டாம் இடத்தையும் பெற்றனர். இவ்வகராதிகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வெளியானவை. ஆதலால் அப்பட்டியல் மேற்குலகின் பார்வையையே காட்டியது.

அதே காலத்தில் அமெரிக்க அறிவியலாளர்களையும் அவர் ஆராய்ந்தார். அறிவியலைப் பன்னிரண்டு துறைகளாகப் பிரித்தார். ஒவ்வொரு துறையிலும் முன்னணியில் உள்ள பத்துப் பேரிடம் அத்துறையினரின் பெயர்ச்சீட்டுகளை அளித்து, தகுதியின் வரிசைப்படி அடுக்கித் தருமாறு கேட்டார். பத்து வரிசைகளின் சராசரியைக் கொண்டு ஒவ்வொருவரின் இடத்தையும் கணித்தார். நடுவர்கள் தமக்குள் எவ்வளவு வேறுபட்டனர் என்பதைக் கொண்டு ஒவ்வோர் இடத்தின் பிழை அளவையும் கணித்தார். இன்றைய தரவரிசைகள் பலவற்றில் இவ்விரண்டாம் எண் தரப்படுவதில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

இதன் அடிப்படையில் அமெரிக்கன் மென் ஆஃப் சயன்ஸ் என்ற விவரத்தொகுப்பு 1906 இல் வெளிவந்தது. அதில் சிறந்த ஆயிரம் பேரின் பெயருடன் உடுக்குறி இடப்பட்டது. அவர்களுள் 50 பேர் உளவியலாளர்கள். ஒவ்வொருவரின் இடமும் அப்போது மறைத்து வைக்கப்பட்டது. 1933 இல்தான் 1903 ஆம் ஆண்டின் வரிசை வெளியிடப்பட்டது. உளவியலில் வில்லியம் ஜேம்ஸ் முதலிடத்திலும் கட்டெல் இரண்டாம் இடத்திலும் இருந்தனர். மேரி விட்டன் கல்கின்ஸ் பன்னிரண்டாம் இடத்தில் இருந்தார். ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்திற்கான அனைத்தையும் நிறைவு செய்தும், பெண் என்பதால் பட்டம் மறுக்கப்பட்டவர் அவர். ஆண்களையே குறிக்கும் இத்தொகுப்பின் தலைப்பு 1970களில்தான் பெண்களையும் சேர்த்து மாற்றப்பட்டது.

உடுக்குறி பெற்றோர் எத்தனை பேர் எந்தப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றுகின்றனர் என்று எண்ணி, நிறுவனங்களையும் கட்டெல் ஒப்பிட்டார். பல்கலைக்கழகத் தரவரிசைகளின் தொடக்க வடிவங்களுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. உடுக்குறி இடும் வழக்கம் 1944 ஆம் ஆண்டின் ஏழாம் பதிப்போடு முடிந்தது.

கொலம்பியாவிலிருந்து நீக்கம்

பல்கலைக்கழகங்களை அறங்காவலர்களும் தலைவர்களும் ஆளுவதைக் கட்டெல் கடுமையாக எதிர்த்தார். பேராசிரியர்களே ஆட்சியை நடத்த வேண்டும் என்று 1913 இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். கொலம்பியாவின் தலைவர் நிக்கோலஸ் மரே பட்லருடன் அவருக்கு நெடுநாள் பகை இருந்தது.

1917 இல் அமெரிக்கா முதலாம் உலகப் போரில் இறங்கியது. கட்டாயப் படைச்சேர்ப்பில் எடுக்கப்பட்டவர்களை, அவர்கள் விருப்பத்திற்கு மாறாக ஐரோப்பாவுக்கு அனுப்பக் கூடாது என்று கட்டெல் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதினார். அவ்வாண்டு அக்டோபரில் அறங்காவலர்கள் அவரைப் பணியிலிருந்து நீக்கினர். ஆங்கிலப் பேராசிரியர் ஹென்றி டேனாவும் நீக்கப்பட்டார். அடுத்த சில நாட்களில், போரை ஆதரித்தவரான வரலாற்றாசிரியர் சார்லஸ் பியர்ட் இந்நீக்கத்தைக் கண்டித்துப் பதவி விலகினார். கல்விச் சுதந்திரம் பற்றிய அமெரிக்க வரலாற்றில் இது முக்கியமான நிகழ்வாகும்.

கொலம்பியாவில் 26 ஆண்டுகள் பணியாற்றிய கட்டெல், அதன் பின்னர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பதவி வகிக்கவில்லை. ஆனால் இதழ்கள் அவரது சொந்த உடைமையாக இருந்தமையால் அறிவியல் உலகில் அவரது குரல் அடங்கவில்லை.

இறுதிக் காலம்

உளவியலைத் தொழில், கல்வி முதலிய துறைகளில் பயன்படுத்துவதற்காக 1921 இல் சைக்கலாஜிகல் கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 1929 இல் அமெரிக்காவில் முதன்முறையாக நடைபெற்ற பன்னாட்டு உளவியல் மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். ஜனவரி 20, 1944 அன்று பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் நகரில் காலமானார். சயன்ஸ் இதழ் அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகத்தின் உடைமையாகியது.

பிற்காலத் தாக்கம்

கட்டெல் அளந்தது சக அறிஞர்களின் கருத்தை. பிற்காலத்தார் அக்கருத்தைக் கேட்டறிவதற்கு மாறாக, மேற்கோள்களை எண்ணத் தொடங்கினர். இம்மாற்றத்தின் இரு முக்கியக் கட்டுரைகளும் சயன்ஸ் இதழிலேயே வெளிவந்தன. கல்லூரி நூலகங்கள் எந்த வேதியியல் இதழ்களை வாங்கலாம் என்பதை மேற்கோள்களை எண்ணி முடிவு செய்யும் முறையைக் கிராஸ், கிராஸ் என்ற இருவர் 1927 இல், கட்டெலின் காலத்திலேயே விளக்கினர். 1955 இல் யூஜின் கார்ஃபீல்டு அறிவியலுக்கான மேற்கோள் அடைவை முன்மொழிந்தார். இதிலிருந்தே இதழ்களின் தாக்கக் காரணி உருவாகியது.

முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஓர் இதழ் வெளியிட்ட கட்டுரைகள் இவ்வாண்டில் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதை, அக்கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்துத் தாக்கக் காரணி பெறப்படுகிறது. எடுத்துக்காட்டாக, 100 கட்டுரைகள் 500 முறை மேற்கோள் காட்டப்பட்டால் அதன் மதிப்பு 5 ஆகும். கோட்பாட்டுக் கட்டுரைகளை வெளியிடும் சைக்கலாஜிகல் ரிவியூ போன்ற இதழுக்கு இந்த ஈராண்டு எல்லை முழுமையாகப் பொருந்துவதில்லை. மாஸ்லோவின் கட்டுரையோ மில்லரின் கட்டுரையோ பல பத்தாண்டுகளாக மேற்கோள் காட்டப்பட்டு வருகின்றன. இம்மேற்கோள்கள் எவையும் இதழின் இன்றைய தாக்கக் காரணியில் சேர்வதில்லை.

அளவுகோல் மாறினால் வரிசையும் மாறும் என்பதற்கு 2002 இல் வெளியான ஓர் ஆய்வு சான்றாகும். இருபதாம் நூற்றாண்டின் சிறந்த உளவியலாளர்களை அது வரிசைப்படுத்தியது. ஆய்விதழ் மேற்கோள்களை மட்டும் எண்ணியபோது சிக்மண்ட் பிராய்டு முதலிடம் பெற்றார். உளவியலாளர்களின் கருத்தையும் பிற அளவுகளையும் சேர்த்தபோது ஸ்கின்னர் முதலிடம் பெற்றார்.

எதிர்வினை நேரத்தை அளந்தால் அறிவு புலப்படும் என்று கட்டெல் நம்பினார். அளவு துல்லியமாகவே இருந்தது. ஆனால் அது அறிவின் அளவாக இல்லை என்பதை விஸ்லரின் ஆய்வு காட்டியது. ஓர் எண் எதை அளக்கிறது என்ற இக்கேள்வி, தாக்கக் காரணியைக் கொண்டு ஆய்வாளர்களையும் கட்டுரைகளையும் மதிப்பிடும் வழக்கத்தின் மீதும் இன்று எழுப்பப்படுகிறது.