குருவையே தெய்வமாகக் கொண்ட மதுரகவியாழ்வார்

களக்காட்டு மலைகளில் தோன்றும் பச்சையாறு கீழிறங்கித் தாமிரபரணியோடு கலந்து விடுகிறது. அந்தப் பொருநைக் கரையிலுள்ள திருக்குருகூரும், களக்காட்டை அடுத்து மலையடிவாரத்தில் விளங்கும் திருக்குறுங்குடியும் வைணவ உலகில் பிரிக்கவொண்ணாத தொடர்புடையவை. குருகூர்க் காரியாரும் உடையநங்கையாரும் மகப்பேறு வேண்டிக் குறுங்குடி நம்பியை வழிபட, அவனருளால் திருவவதரித்தவர் நம்மாழ்வார் என்பது குருபரம்பரை கூறும் வரலாறு. அவ்வாழ்வாரை அண்டி, அவரையன்றி வேறு தெய்வம் அறியாது வாழ்ந்தவர் மதுரகவியாழ்வார். ஒரு மனிதர் மற்றொரு மனிதர்பால் கொள்ளும் அன்பு எத்துணை உயரத்தை எட்டவல்லது என்பதற்கு அவர் சரிதமே சான்று.

குருகூருக்கு அணித்தான திருக்கோளூரில், சித்திரைத் திங்கள் சித்திரை நன்னாளில், அந்தணர் குலத்தில் மதுரகவிகள் அவதரித்தார். வேதங்களைக் கற்றுத் துறைபோகி, வடநாட்டுத் திருப்பதிகளைச் சேவிக்கப் புறப்பட்டார். அயோத்தியில் தங்கியிருந்த காலத்தில் ஓரிரவு தென்திசையில் பேரொளி ஒன்று தோன்றக் கண்டு, அதனையே வழிகாட்டியாகக் கொண்டு நெடுந்தூரம் நடந்து குருகூர் வந்தடைந்தார். அங்கே திருப்புளியமரத்தின் அடியில், பிறந்தது முதல் 16 ஆண்டுகள் உண்ணாமலும் பேசாமலும் எழுந்தருளியிருந்தார் சடகோபர்.

மதுரகவிகள் ஒரு கல்லைக் கீழே இட்டு ஓசை எழுப்பினார். இளைஞர் கண் மலர்ந்தார். அறிவற்ற உடலினுள் நுண்ணிய உயிர் புகுந்தால் எதனை நுகரும், எங்கே தங்கும் என்பது மதுரகவிகளின் வினா. உடல் தரும் இன்ப துன்பங்களையே நுகர்ந்து, அவ்வுடலையே இடமாகக் கொண்டு கிடக்கும் என்பது விடையின் கருத்து. உயிர் எதனைச் சார்கிறதோ அதன் சுவையே அதற்கு உணவாகிறது. விருப்பும் வெறுப்பும் அச்சமும் களிப்பும் சார்பினால் விளைபவை. ஆகவே உணர்ச்சியை அழிக்க வேண்டுவதில்லை, அதன் சார்பை மாற்றினால் போதும். இவ்வுண்மையை மதுரகவிகள் அக்கணமே தம் வாழ்வில் நடத்திக் காட்டினார்.

அவர் ஆண்டில் மூத்தவர், மறை கற்றவர், உயர்குலம் எனப்பட்டதில் பிறந்தவர். எதிரே இருந்தவரோ வேளாளர் குலத்து இளைஞர். வயதும் கல்வியும் குலமும் தரும் செருக்கு மூன்றையும் அவ்விடத்திலேயே உதறி, அவ்விளைஞரின் திருவடிகளில் விழுந்தார். ஊரார் என்ன சொல்வரோ என்னும் கூச்சம் அவரைத் தடுக்கவில்லை.

சடகோபர் அருளிய பிரபந்தங்கள் நான்கு. அவற்றுள் திருவாய்மொழி ஒன்றே 1102 பாசுரங்கள் கொண்டது. மதுரகவிகள் பாடியனவோ கண்ணிநுண்சிறுத்தாம்பு என்னும் 11 பாசுரங்களே. அவற்றின் தொடக்கத்தில் கண்ணனை நினைத்தவர், உடனே அங்கிருந்து மீண்டு ஆசாரியன் திருநாமத்தில் ஆழ்ந்து விடுகிறார். முன்னாளில் பிறர் பொருளிலும் மங்கையரிடத்தும் தம் மனம் சென்றதை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறார். அன்று பொருளை நாடிய அதே நெஞ்சுதான் இன்று குருவை நாடுகிறது. கற்றோர் இகழ்ந்து ஒதுக்கிய தம்மைத் தாயாகவும் தந்தையாகவும் இருந்து ஏற்றவர் சடகோபரே என்று உருகுகிறார். பெற்றோரிடம் உள்ள பாசம், தலைவனிடம் உள்ள பணிவு, உதவினார்க்குரிய நன்றி ஆகிய மூன்றும் அங்கே ஒருவரிடத்தே சென்று கூடுகின்றன.

ஆசாரியன் பரமபதம் எய்திய பின், பிரிவுத்துயரில் அவர் செயலற்றுப் போகவில்லை. ஆழ்வாருடைய அர்ச்சா விக்கிரகத்தை எழுந்தருளச் செய்து, விழா எடுத்து, விருது கூறி வீதிகளில் உலா வரச் செய்தார். மதுரைச் சங்கப் புலவர்கள் அவ்விருதுகளை மறுத்தபோது, ஆழ்வாரின் தமிழையே சங்கப்பலகையில் ஏற்றி அவர்களைத் தெளிவித்தார் என்பர். துயரம் தொண்டாக மாறியது. பிற்காலத்தில் நாதமுனிகள் குருகூருக்கு வந்து, மதுரகவிகளின் 11 பாசுரங்களை 12,000 முறை ஓதியே, மறைந்து கிடந்த திவ்வியப் பிரபந்தம் முழுவதையும் பெற்றார் என்பது மரபு. சீடனின் அன்பே உலகுக்குத் தமிழ்மறையை மீட்டுத் தந்த திறவுகோலாயிற்று.

இராமனை வணங்கிய பரதனையே பின்தொடர்ந்த சத்துருக்கனனுக்கு மதுரகவிகளைப் பெரியோர் ஒப்பிடுவர். அடியாரிடம் கொள்ளும் அன்பு ஆண்டவனிடம் கொள்ளும் அன்புக்குத் தடையன்று; அதன் முதிர்ந்த நிலையே அது. இதனை மெய்ப்பிப்பது போலவே, திருக்குறுங்குடி நம்பி தானே எம்பெருமானார் இராமாநுசரிடம் சீடனாய் அமர்ந்து, வைஷ்ணவ நம்பி என்னும் திருநாமம் பெற்றான் என்பர். இறைவனே விரும்பி ஏற்ற நிலை அடியவனாகும் நிலை.

திருவிழாவில் தோளோடு தோள் நெருங்கி நிற்கும் அடியார்கள், அருகில் நிற்பவரின் குலமும் வயதும் செல்வமும் நோக்காது, அவரையும் நம்பியின் உடைமையாகவே கண்டு மகிழ்வார்களாக. அதுவே மதுரகவிகள் காட்டிய வழி.

மதுரகவியாழ்வார் திருவடிகளே சரணம்.