டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் அறப்பணி

வண்ணாரப்பேட்டை, இராயபுரம் தாய்மார்கள் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளை பெற்றுவரும் மருத்துவமனை, அதற்குப் பொருளுதவி செய்த இராஜா சர் இராமசாமி முதலியாரின் பெயரால் இன்றும் வழங்குகிறது. செல்வர் ஈவதும் பெண்டிர் பெறுவதும் அந்நாளைய வழக்கம். பெண்களின் நலனுக்கான அறத்தைப் பெண்களே தொடங்கி, அதற்குரிய பொருளையும் தாமே திரட்டுவது வேறு வகை. தமிழகத்தில் அவ்வகைக்கு வழிகாட்டியவர்களுள் தலையாயவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

1886ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் நாராயணசாமி ஐயருக்கும் சந்திரம்மாளுக்கும் மகளாக அவர் பிறந்தார். தாயார் இசைவேளாளர் மரபினர். ஆடவர் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் பெண்ணொருத்தி சேர்வதா என எதிர்ப்பு எழுந்தபோதும், மன்னர் இசைவளித்தார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணக்குமுன், தம்மைச் சமமாக மதித்தல் வேண்டும், தம் விருப்பத்திற்குக் குறுக்கே நிற்றலாகாது என உறுதி பெற்ற பின்னரே இசைந்தார்.

1917இல் அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியால் 1926இல் சட்டமன்ற மேலவைக்கு நியமிக்கப் பெற்று, அதன் துணைத்தலைவரும் ஆனார். அங்கு அவர் ஆற்றிய பணிகளுள் 1929ஆம் ஆண்டுச் சட்டம் தனித்து நோக்கத்தக்கது. தேவதாசியர் பலருக்குக் கோயில் மானிய நிலம் உண்டு. கோயிற்பணி செய்தால்தான் நிலம். பணியைத் துறந்தால் சோற்றுக்கு வழியில்லை. இக்கட்டை அறுத்து, பணி செய்யாமலே நிலம் அவர்களுக்கே உரிமையாக அச்சட்டம் வழிசெய்தது. விடுதலை பேசுவோர் பலர். விடுதலை பெற்றவள் மறுநாள் எதை உண்பாள் என எண்ணியவர் சிலரே.

பொட்டுக்கட்டும் வழக்கத்தையே ஒழிக்கும் முயற்சியைத் தேவதாசியருள் பலர் எதிர்த்தனர். தம் கலையும் சொத்துரிமையும் பறிபோகும் என அஞ்சினர். அவ்வச்சத்தை வெறும் பிடிவாதம் என ஒதுக்குதல் நேர்மையாகாது. ஆடற்கலை பிறர் கைக்குச் சென்றதைப் பின்னாளில் நாடு கண்டது. அம்மையாரோ சிறுமியரின் நிலையையே முதன்மையாகக் கருதினார்.

1930இல் காந்தியடிகள் சிறைப்பட்டதைக் கண்டித்துப் பதவி துறந்தார். அக்காலத்தே தேவதாசிக் குடும்பத்துப் பெண்கள் மூவர் அடைக்கலம் நாடி வந்தனர். நகர விடுதிகள் அவர்களை ஏற்க மறுத்தன. அம்மையார் தம் வீட்டிலேயே இடமளித்தார். அவ்வை இல்லம் பிறந்த வரலாறு இதுவே. இல்லம் தொடங்குதல் ஒருநாட் செயல். நாள்தோறும் உலையேற்றுதல் ஆண்டுக்கணக்கான செயல். இல்லம் 1936இல் அடையாற்றுக்கு மாறிப் பள்ளியோடு வளர்ந்தது. பொட்டுக்கட்டுத் தடைச்சட்டம் 1947இல்தான் நிறைவேறியது. அதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்னரே, அச்சட்டத்தால் காக்கப்பட வேண்டியவர்களுக்கு ஒரு கூரை இருந்தது.

புற்றுநோய்க்குத் தங்கையைப் பறிகொடுத்த துயரம் அவரை விட்டு நீங்கவில்லை. மாதர் சங்கத்தின் புற்றுநோய் நிவாரண நிதியின் வழியே முதுமையிலும் நன்கொடை திரட்டினார். 1954 சூன் 18 அன்று அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அப்போது அவருக்கு அகவை அறுபத்தேழு. 1956இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர், 1968 சூலை 22 அன்று மறைந்தார்.

தமிழக அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டத்திற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. அத்தொகை 2018இல் 18,000 ரூபாயாக உயர்ந்தது. முதலியார் பெயர் தாங்கிய மருத்துவமனைக்கு வரும் வடசென்னைத் தாய், அம்மையார் பெயர் தாங்கிய உதவிக்கும் விண்ணப்பம் எழுதுகிறாள்.