செல்மன் வாக்ஸ்மன் (1888 – 1973)

செல்மன் வாக்ஸ்மன் 1888 இல், அன்று ரஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்த உக்ரேனில் ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தார். 1910 இல் அமெரிக்கா சென்று, நியூ ஜேர்சியிலுள்ள ரட்கேர்ஸ் கல்லூரியில் விவசாயம் கற்றார். பின்னர் அங்கேயே மண் நுண்ணங்கியியற் பேராசிரியரானார்.

1939 இல் இவரது பழைய மாணவர் ரெனே டூபோ, மண் பற்றீரியா ஒன்றிலிருந்து வேறு பற்றீரியாக்களை அழிக்கும் பதார்த்தமொன்றைப் பெற்றார். இவ்வியல்பு மண்ணில் வாழும் வேறு நுண்ணங்கிகளுக்கும் இருக்கலாமல்லவா? வாக்ஸ்மன் அதனை ஒழுங்காகத் தேடத் தொடங்கினார்.

தேடிய முறையைக் கவனியுங்கள். மண்ணை நீரிற் கரைத்து, ஐதாக்கி, ஏகார் ஊடகத்திற் பரப்புவர். தோன்றும் நுண்ணங்கிகளைத் தனித்தனியே பிரித்து வளர்ப்பர். ஒவ்வொன்றையும் ஒரு கோடாக இட்டு, அதற்குக் குறுக்காக நோய்ப் பற்றீரியாக்களை இடுவர். கோட்டின் அருகே அவை வளராவிடின் அந்த நுண்ணங்கி மேலதிக ஆய்வுக்குத் தெரிவாகும். இவ்வாறு ஆயிரக்கணக்கானவை சோதிக்கப்பட்டன. மிகப் பெரும்பாலானவை கழிக்கப்பட்டன. 1940 இற் கிடைத்த அக்ரினோமைசின் பற்றீரியாக்களைக் கொன்றது, ஆனால் விலங்குகளுக்கும் நஞ்சாயிற்று. 1942 இற் கிடைத்த ஸ்ரெப்டோதிரிசினும் அவ்வாறே கைவிட்டது.

அக்காலத்திற் காசநோய்க்கு மருந்தில்லை. பெனிசிலினும் அதற்குப் பயன்படவில்லை. (பெனிசிலினைக் கண்டுபிடித்தவர் அலெக்சாண்டர் பிளெமிங். விடைத்தாளில் இருவரையும் மாற்றி எழுதுவோர் இன்றும் உளர்!) 1943 ஒக்டோபரில் வாக்ஸ்மனின் மாணவர் அல்பேட் சாட்ஸ், கட்டடத்தின் நிலக்கீழ் ஆய்வுகூடத்தில் ஸ்ரெப்டோமைசினைக் கண்டார். காசநோய்ப் பற்றீரியாவுடன் அங்கு வேலை செய்வது உயிராபத்தான காரியம். மாயோ மருத்துவ நிலையத்தில் பெல்ட்மன், ஹின்ஷோ ஆகியோர் அம்மருந்தை முதலிற் கினிப்பன்றிகளிலும் பின்னர் நோயாளரிலும் பரிசோதித்தனர். பலர் பிழைத்தனர். எனினும் சிலரின் செவிப்புலன் பாதிக்கப்பட்டது. மருந்துக்கு எதிர்ப்புடைய பற்றீரியாக்களும் தோன்றின.

மருந்தின் உரிமப் பணத்திற் பங்கு கிடைக்காத சாட்ஸ் 1950 இல் ஆசிரியர்மீது வழக்குத் தொடுத்தார். அவ்வாண்டே வழக்கு சமரசமாகி, சாட்ஸ் இணைக் கண்டுபிடிப்பாளராக ஏற்கப்பட்டார். ஆயினும் 1952 இல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. முறையை வகுத்தவர் வாக்ஸ்மன் என்பது உண்மையே. ஆனால் மாணவரின் பெயர் விடுபட்டது நியாயமாகத் தோன்றவில்லை.

வாக்ஸ்மன் 1973 இற் காலமானார். ரட்கேர்ஸ் பல்கலைக்கழகம் 1994 இற் சாட்ஸைத் தனது பதக்கத்தால் கௌரவித்தது.