பிள்ளைக்காக மன்றாடிய தாய் மோனிக்கா

கி.பி. 383ஆம் ஆண்டு. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் துறைமுகத்தை ஒட்டிய ஒரு சிற்றாலயத்தில் விதவைத் தாய் ஒருவர் இரவு முழுவதும் ஜெபித்துக்கொண்டிருந்தார். மகன் கப்பலேறிப் போய்விடக் கூடாது என்பதுதான் அவருடைய ஒரே வேண்டுதல். பொழுது விடிந்தபோது கப்பல் போயிருந்தது. நண்பரை வழியனுப்பத்தான் வந்ததாகச் சொல்லித் தாயை ஆலயத்தில் தங்கவைத்துவிட்டு, மகன் இரவோடு இரவாக ரோமுக்குப் புறப்பட்டுவிட்டார்.

அந்தத் தாயின் பெயர் மோனிக்கா. ஏமாற்றிவிட்டுப் போன மகன், பின்னாளில் கிறிஸ்துவ உலகின் பெரும் அறிஞர்களுள் ஒருவராகப் போற்றப்பட்ட அகுஸ்தீன். கத்தோலிக்கத் திருச்சபை ஆகஸ்ட் 27ஆம் தேதி தாயின் திருநாளையும், மறுநாள் 28ஆம் தேதி மகனின் திருநாளையும் கொண்டாடுகிறது.

வழிதவறிய பிள்ளைகளுக்காக ஜெபிக்கும் தாய்மார்களுக்கு மோனிக்காவையே எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். மகனுக்காக அவர் விட்ட கண்ணீரைப் பலரும் அறிவார்கள். அந்த நெடிய ஆண்டுகளில் தாயும் எவ்வளவு மாறினார் என்பது அதிகம் பேசப்படுவதில்லை.

தகாஸ்தே ஊரில்

மோனிக்கா பிறந்தது கி.பி. 331 அல்லது 332ஆம் ஆண்டில். ஊர் தகாஸ்தே. இன்று அல்ஜீரியாவில் சூக் அஹ்ராஸ் என்று அழைக்கப்படும் நகரம் அது. அப்போது அந்தப் பகுதி ரோமப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. கிறிஸ்துவக் குடும்பத்தில் பிறந்த மோனிக்காவை, குடும்பத்தில் நெடுநாள் இருந்த மூத்த பணிப்பெண் ஒருவர் கண்டிப்புடன் வளர்த்தார். அந்தக் கண்டிப்பையும் மீறி, சிறுமியாக இருந்தபோது ஜாடியிலிருந்து திராட்சை மதுவைத் திருட்டுத்தனமாக அருந்தும் பழக்கம் மோனிக்காவுக்கு ஏற்பட்டது. உடன் வரும் பணிப்பெண் ஒருநாள் சண்டையில் குடிகாரி என்று ஏசிவிட, அந்தச் சுடுசொல்லில் வெட்கி அன்றே பழக்கத்தை விட்டார். புனிதை என்று போற்றப்படுபவரின் இந்தச் சிறுவயதுத் தவற்றையும் மறைக்காமல் எழுதிவைத்தவர் அவருடைய மகன்தான்.

கணவர் பத்ரீசியஸ் கிறிஸ்துவர் அல்லர். தாராள மனம் படைத்தவர், ஆனால் கடுங்கோபக்காரர். மனைவிக்கு உண்மையாகவும் நடந்துகொள்ளவில்லை. அவர் கொதித்தெழும் நேரத்தில் மோனிக்கா எதிர்த்துப் பேசமாட்டார். கோபம் தணிந்த பிறகே தம் பக்கத்து நியாயத்தைச் சொல்வார். பணியாட்களின் கோள்பேச்சைக் கேட்டு மருமகள் மீது கசப்பு கொண்டிருந்த மாமியாரையும் பொறுமையால்தான் தம் பக்கம் திருப்பினார். இன்றைய வாசகருக்கு அந்தக் காலக் குடும்ப வாழ்க்கை நெருடலாகவே இருக்கும். அகுஸ்தீனின் குறிப்புகளிலேயே, கணவரிடம் அடிவாங்கிய தழும்புகளோடு பேசிக்கொள்ளும் ஊர்ப்பெண்கள் வருகிறார்கள்.

மோனிக்காவின் பிள்ளைகளுள் அகுஸ்தீனையும் நவீகியுசையும் தவிர ஒரு மகளும் இருந்தார். பத்ரீசியஸ் தம் வாழ்நாளின் இறுதியில் கிறிஸ்துவராகி, கி.பி. 371ஆம் ஆண்டுவாக்கில் காலமானார். அப்போது மோனிக்காவுக்கு ஏறக்குறைய 40 வயது. கணவருக்காகச் செய்த ஜெபம் பலித்தது. மகனுக்காகச் செய்த ஜெபத்துக்கு இன்னும் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

கதவடைப்பும் கனவும்

கார்த்தேஜுக்குப் படிக்கப் போன அகுஸ்தீன், அங்கே ஒரு பெண்ணுடன் திருமணமின்றி வாழத் தொடங்கினார். அவர்களுக்கு அதெயோதாத்துஸ் என்ற மகன் பிறந்தான். அதைவிடத் தாயை வாட்டியது மகன் மனிக்கேய சமயத்தில் சேர்ந்ததுதான். ஒளியும் இருளும் சமபலத்துடன் மோதுவதாகப் போதித்த அந்தச் சமயத்தில் அகுஸ்தீன் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் இருந்தார். மகனோடு ஒரே வீட்டில் இருக்கவும், ஒரே மேசையில் உண்ணவும் மோனிக்கா மறுத்த காலமும் உண்டு.

அந்த முடிவை மாற்றியது ஒரு கனவு. மரத்தாலான அளவுகோல் ஒன்றின் மீது தாம் நிற்பதாகவும், ஒளிபொருந்திய இளைஞர் ஒருவர் வந்து ஆறுதல் கூறுவதாகவும், திரும்பிப் பார்த்தால் மகனும் அதே இடத்தில் நிற்பதாகவும் மோனிக்கா கண்டார். ஒருநாள் தாயும் தம் சமயத்துக்கு வந்துவிடுவார் என்பதே கனவின் பொருள் என்று அகுஸ்தீன் வாதிட்டார். தாய் சிறிதும் தயங்காமல் மறுத்தார். மகன் இருக்கும் இடத்துக்குத் தாம் போனதாகக் கனவு சொல்லவில்லை. தாம் இருக்கும் இடத்துக்கு மகன் வந்ததாகத்தான் சொன்னது என்றார். அந்த உடனடிப் பதில் கனவைவிடத் தம்மை அதிகம் அசைத்ததாக அகுஸ்தீன் பின்னர் எழுதினார். வீட்டுக்கதவு மகனுக்கு மீண்டும் திறந்தது.

மகனோடு வாதாடி அவரைத் திருத்தும்படி ஆயர் ஒருவரையும் மோனிக்கா நாடினார். சிறுவயதில் அதே மனிக்கேயர்களிடம் வளர்ந்து, பின் தாமாகவே விலகியவர் அந்த ஆயர். இப்போது வாதம் எடுபடாது, ஜெபம் மட்டும் போதும், படிக்கப் படிக்க மகனே உண்மையைக் கண்டுகொள்வார் என்றார். மோனிக்கா அழுது வற்புறுத்தவே சற்றுச் சலித்துக்கொண்ட ஆயர், இவ்வளவு கண்ணீர் வீண்போகாது என்ற பொருளில் ஒரு சொல் சொல்லி அனுப்பினார். அதை வானிலிருந்து வந்த வாக்காகவே அந்தத் தாய் ஏற்றுக்கொண்டார்.

மகனைத் தேடி மிலான்

கார்த்தேஜில் கப்பல் போன பிறகும் மோனிக்கா ஓய்ந்துவிடவில்லை. அகுஸ்தீன் ரோமிலிருந்து மிலானுக்குச் சென்று அரசு நியமித்த சொற்கலை ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய நிலையில் கடலும் தரையும் கடந்து தாய் அங்கே போய்ச் சேர்ந்தார். வழியில் கடல் கொந்தளித்தபோது மாலுமிகளுக்கே அவர்தான் தைரியம் சொன்னார்.

மிலானில் மகன் மனிக்கேய சமயத்தை விட்டிருந்தார், ஆனால் கிறிஸ்துவராகவில்லை. அந்த நகரின் ஆயர் அம்புரோஸின் மறையுரைகளைக் கேட்டு அவர் மனம் ஆட்டம் கண்டிருந்தது. போகக் கூடாது என்று தாய் மன்றாடித் தடுக்க நினைத்த அந்தப் பயணமே மகனை இங்கே கொண்டுவந்து சேர்த்திருந்தது.

மோனிக்காவுக்கும் மிலான் ஒரு பள்ளிக்கூடமாயிற்று. ஆப்பிரிக்க வழக்கப்படி மறைசாட்சிகளின் கல்லறைகளுக்குக் கஞ்சி, ரொட்டி, மது ஆகியவற்றை எடுத்துச் சென்றார். ஆயர் அதைத் தடைசெய்திருப்பதாகக் காவலர் சொன்னதும் முணுமுணுக்காமல் விட்டுவிட்டார். இயன்றதை ஏழைகளுக்குக் கொடுத்தார். சொன்னவர் அம்புரோஸ் என்பதால்தான் இவ்வளவு எளிதில் விட்டார் என்று மகன் எண்ணிக்கொண்டார். சனிக்கிழமை நோன்பு தம் ஊரில் உண்டு, மிலானில் இல்லை. என்ன செய்வது என்ற குழப்பம் வந்தபோதும் அம்புரோஸ் சொன்னபடி, இருக்கும் ஊரின் வழக்கத்தைப் பின்பற்றினார். 386ஆம் ஆண்டு அரசமாதா யுஸ்தீனா மிலானின் ஆலயம் ஒன்றைக் கைப்பற்ற முயன்றபோது, ஆயரோடு ஆலயத்துக்குள்ளேயே விழித்திருந்த மக்கள் கூட்டத்தில் மோனிக்காவும் இருந்தார்.

அதே காலத்தில் அவர் செய்த இன்னொரு காரியம் எளிதில் செரிக்கக்கூடியது அல்ல. மகனுக்கு நல்ல இடத்தில் பெண் பார்த்து மணம் பேசி முடிப்பதில் தீவிரமாக இருந்தார். நிச்சயிக்கப்பட்ட சிறுமிக்குச் சட்டப்படியான மணவயது வர இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. திருமணத்துக்குத் தடையென்று, பல ஆண்டுகள் அகுஸ்தீனோடு வாழ்ந்த பெண் பிரித்து அனுப்பப்பட்டார். இனி வேறு ஆடவரை ஏற்பதில்லை என்று உறுதிபூண்டு, பெற்ற மகனையும் விட்டுவிட்டு அவர் ஆப்பிரிக்கா திரும்பினார். அவர் பெயரை அகுஸ்தீன் எங்கும் எழுதவில்லை. ஆனால் அந்தப் பிரிவின் வலியை எழுதினார். பேசிவைத்த திருமணமும் நடக்கவே இல்லை.

ஒரு தோட்டத்தில் நிகழ்ந்த மாற்றம்

386ஆம் ஆண்டு கோடையில், மிலானில் தங்கியிருந்த வீட்டுத் தோட்டத்தில் அகுஸ்தீனின் நெடிய உள்போராட்டம் முடிவுக்கு வந்தது. அவரும் நண்பர் அலீப்பியுசும் முதலில் ஓடிப்போய்ச் சொன்னது மோனிக்காவிடம்தான். மகன் கிறிஸ்துவரானால் போதும் என்று காத்திருந்த தாய்க்கு, கேட்டதற்கும் மேலாகவே கிடைத்தது. மணவாழ்வையும் பதவியையும் துறந்து இறைப்பணிக்குத் தம்மைக் கொடுக்க மகன் முடிவெடுத்திருந்தார். மருமகள், பேரப்பிள்ளைகள் என்று மோனிக்கா கண்ட கனவு அத்துடன் முடிந்தது. அதற்காக அவர் வருந்தியதாகத் தெரியவில்லை.

பின்னர் அனைவரும் மிலானுக்கு வெளியே காசிசியாகும் என்ற நாட்டுப்புற இல்லத்தில் தங்கினார்கள். மகன்கள், பேரன், மாணவர்கள், நண்பர்கள் எல்லாரையும் தாயாக நின்று கவனித்துக்கொண்டவர் மோனிக்கா. அங்கே நடந்த தத்துவ உரையாடல்களிலும் கலந்துகொண்டார். பெண்கள் இத்தகைய நூல்களில் இடம்பெற்றதுண்டா என்று அவர் தயங்கியபோதும், மகன் அவருடைய கருத்துகளை விடாமல் பதிவுசெய்தார். உயர்கல்வி பெறாத அந்தத் தாயின் பதில்கள் கற்றவர்களை வியக்கவைத்தன.

387ஆம் ஆண்டு ஏப்ரலில், உயிர்ப்புப் பெருவிழா இரவில், அம்புரோஸின் கையால் அகுஸ்தீனும் அதெயோதாத்துசும் அலீப்பியுசும் திருமுழுக்குப் பெற்றார்கள்.

ஓஸ்தியாவில் விடைபெற்றார்

அதே ஆண்டு ஆப்பிரிக்கா திரும்புவதற்காக ரோம் அருகிலுள்ள ஓஸ்தியா துறைமுகத்தில் குடும்பம் தங்கியிருந்தது. தோட்டத்தைப் பார்த்த ஒரு சன்னலோரம் நின்று, தாயும் மகனும் நிலைவாழ்வைப் பற்றி நெடுநேரம் பேசினார்கள். இனி இவ்வுலகில் தமக்கு என்ன வேலை மிச்சமிருக்கிறது என்று தெரியவில்லை என மோனிக்கா கூறினார். சில நாட்களில் காய்ச்சல் கண்டது.

கணவரின் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். அதற்கான இடத்தையும் ஏற்பாடு செய்துவைத்திருந்தார். தாய் பிறந்த மண்ணில் கண்மூட வேண்டும் என்று நவீகியுஸ் சொன்னபோது, மோனிக்கா அவரைக் கடிந்து நோக்கினார். உடலை எங்கே புதைத்தாலும் கவலை வேண்டாம்; எங்கிருந்தாலும் திருப்பீடத்தின் முன் தம்மை நினைத்துக்கொண்டால் போதும் என்றார். மகன் கடல் கடந்து போய்விடக் கூடாது என்று ஓர் இரவு முழுவதும் மன்றாடிய அதே தாய், கடலுக்கு இப்பால் அந்நிய மண்ணில் அடங்க மனமுவந்து சம்மதித்தார். நோயுற்ற ஒன்பதாம் நாள், தம் 56ஆவது வயதில் உயிர்நீத்தார்.

ஓஸ்தியாவில் அடக்கம் செய்யப்பட்ட அவருடைய திருப்பண்டங்கள் 1430ஆம் ஆண்டு ரோமுக்குக் கொண்டுவரப்பட்டன. இன்று அவை அங்குள்ள புனித அகுஸ்தீனார் பேராலயத்தில் உள்ளன. 1945ஆம் ஆண்டு ஓஸ்தியாவில் சிறுவர்கள் விளையாட்டுக்காகக் குழி தோண்டியபோது, மோனிக்காவின் கல்லறை வாசகம் பொறித்த பளிங்குத் துண்டு ஒன்று மண்ணிலிருந்து வெளிப்பட்டது.

தாய் இறந்தபோது அகுஸ்தீன் கண்ணீரை அடக்கிக்கொண்டார். பிறகு இரவில் தனிமையில் அழுதார். பத்தாண்டுகளுக்குப் பின், ஹிப்போ நகரின் ஆயராக இருந்து தம் வாழ்க்கையை எழுதியபோது, வாசிப்போரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார். தம் பெற்றோரான மோனிக்காவையும் பத்ரீசியசையும் திருப்பீடத்தின் முன் நினைத்து ஜெபிக்கும்படி கேட்டுக்கொண்டார். தாய் கடைசியாகக் கேட்ட ஒன்றை மகன் அப்படி நிறைவேற்றினார். கணவருக்காகவும் பிள்ளைக்காகவும் ஒருவர் தனியாகத் தொடங்கிய ஜெபம், அவர்கள் எல்லாரும் மறைந்த பிறகும் பிறர் நாவில் தொடர்ந்தது.