வானை விரும்பிய இளைஞர் இந்திரலால் ரோய்



தலைக்கு மேலே விமானம் ஒன்று பறந்தால் நிமிர்ந்து பாராதவர் நம்மில் மிகச் சிலரே. உங்களுள் சிலர் படை விமானங்களின் பெயர்களையும் வேகத்தையும் மனனம் செய்து வைத்திருப்பீர்கள். அப்பியாசக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் அவற்றின் படங்களை வரைந்தும் இருப்பீர்கள். இப்பகுதியில் நீங்கள் வாசிக்கப்போவது, அவ்வாறே விமானங்களில் மனதைப் பறிகொடுத்த ஓர் இளைஞரின் வரலாறாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழும் உங்களுக்கு இவ்வரலாறு இன்னொரு வகையிலும் முக்கியமானது. 1980களிலும் 1990களிலும் இங்கு வாழ்ந்த உங்கள் பெற்றோரும் அப்பப்பா, அம்மம்மாவும் விமான இரைச்சல் கேட்டதும் வியந்து நிற்கவில்லை; பதுங்குகுழிக்கு ஓடினார்கள். ஒருவருக்கு வியப்பைத் தரும் இயந்திரமே மற்றொருவருக்கு அச்சத்தைத் தருகிறது. இவ்விரண்டையும் மனதில் இருத்திக்கொண்டு மேலே வாசியுங்கள்.

பிறப்பும் கல்வியும்

இந்திரலால் ரோய் 1898ஆம் ஆண்டு டிசெம்பர் 2ஆம் திகதி கல்கத்தா நகரில் பிறந்தார். தந்தை பியரேலால் ரோய் சட்டத்துறையில் புகழ்பெற்றவர். தாய் லோலிதா ரோய், பிள்ளைகளின் கல்விக்காக அவர்களுடன் லண்டனில் வாழ்ந்தார். இங்கிலாந்தில் பெண்களுக்கு வாக்குரிமை கோரி 1911இல் நடைபெற்ற பேரணியில் கலந்துகொண்ட இந்தியப் பெண்களுள் அவரும் ஒருவர். துணிவு இந்தக் குடும்பத்தில் தாயிடமிருந்தே தொடங்கியது எனலாம்.

ரைட் சகோதரர்கள் 1903ஆம் ஆண்டு டிசெம்பர் 17ஆம் திகதி முதன்முதலில் இயந்திர விமானத்தைப் பறக்கவிட்டபோது ரோய்க்கு ஐந்து வயது. எனவே அவரும் விமானமும் ஒரே காலத்தில் வளர்ந்தவர்கள் என்று நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம். லண்டனிலுள்ள சென் போல்ஸ் பாடசாலையில் கற்ற அவர், ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் கற்பதற்கான புலமைப்பரிசிலையும் பெற்றார். எனினும் 1914இல் முதலாம் உலகப் போர் மூண்டது. ரோயின் மனம் பல்கலைக்கழகத்தை விட்டு வானத்தை நாடியது.

தடையும் விடாமுயற்சியும்

பதினெட்டு வயதில் ரோய் பிரித்தானிய அரச பறக்கும் படையில் சேர விண்ணப்பித்தார். கண்பார்வை போதாது என்று கூறி அவரை நிராகரித்துவிட்டார்கள். அக்காலத்தில் ராடர் கருவி இல்லை என்பதை நீங்கள் இங்கு கவனிக்க வேண்டும். முகிலுக்குள்ளும் சூரிய ஒளிக்குள்ளும் மறைந்து வரும் எதிரியை விமானி தன் கண்களாலேயே கண்டறிய வேண்டியிருந்தது. ஆகவே பார்வைக் குறைபாடு சிறிய விடயமாகக் கருதப்படவில்லை.

ரோய் மனம் சோர்ந்துவிடவில்லை. தனது மோட்டார் சைக்கிளை விற்றார். கிடைத்த பணத்தைக் கொண்டு, பெயர்பெற்ற கண் வைத்திய நிபுணர் ஒருவரிடம் மீண்டும் பரிசோதனை செய்துகொண்டார். அதன் பின்னர் முன்னைய தீர்ப்பு மாற்றப்பட்டது. 1917 ஏப்ரலில் படையில் சேர்ந்த அவர், அதே ஆண்டு ஜூலை 5ஆம் திகதி இரண்டாம் லெப்டினன்டாக நியமனம் பெற்றார். பிரித்தானியப் படைகளில் இந்தியர்கள் அதிகாரி நிலைக்கு வருவது மிக அரிதாக இருந்த காலம் அது. முதலாம் உலகப் போரில் விமானிகளாகப் பணியாற்றிய இந்தியர்களாக ரோய், ஹர்தித் சிங் மாலிக், வெலிங்கர், சென் ஆகிய நால்வரே பொதுவாகக் குறிப்பிடப்படுகின்றனர்.

அவர் செலுத்திய விமானம்

1917 ஒக்டோபர் இறுதியில் ரோய் பிரான்சில் நிலைகொண்டிருந்த 56ஆம் விமான அணியில் சேர்ந்தார். அங்கு அவருக்குக் கிடைத்தது எஸ்.ஈ.5 வகை விமானமாகும். இன்றைய ஜெட் போர்விமானத்தை மனதில் வைத்து இதனைக் கற்பனை செய்யாதீர்கள். இதன் சட்டகம் பெரும்பாலும் மரத்தாலானது. அதன்மேல் துணி போர்த்தி மெருகு பூசப்பட்டிருக்கும். மேலும் கீழுமாக இரண்டு அடுக்குச் சிறகுகள் உண்டு. விமானியின் இருக்கைக்கு மேலே கூரை இல்லை; உயரத்தின் கடுங்குளிர் நேராக முகத்தில் அறையும். இதன் மேம்பட்ட வகையான எஸ்.ஈ.5ஏ மணிக்கு ஏறத்தாழ 220 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கக்கூடியது.

விமானத்தில் இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன. ஒன்று மேற்சிறகின் மீது பொருத்தப்பட்டிருந்தது. மற்றையது விமானியின் முன்னால், சுழலும் விசிறியின் ஊடாகச் சுடுவது. குண்டுகள் விசிறியின் தகடுகளை ஏன் உடைத்துவிடவில்லை என்று நீங்கள் கேட்கலாம். எஞ்சினின் சுழற்சியோடு துப்பாக்கியை இணைக்கும் பொறிமுறை ஒன்று இருந்தது. தகடு விலகியிருக்கும் கணத்தில் மட்டுமே குண்டு வெளியேறுமாறு அது அமைக்கப்பட்டிருந்தது. இத்தனை நுட்பம் இருந்தும், போரின் பெரும்பகுதியில் பிரித்தானிய விமானிகளுக்குப் பரசூட் வழங்கப்படவில்லை. விமானம் தீப்பற்றினால் அதிலிருந்து தப்ப வழியில்லை.

மரணத்தின் வாசலிலிருந்து

1917 டிசெம்பர் 6ஆம் திகதி ரோயின் விமானம் விழுந்து நொறுங்கியது. அவர் இறந்துவிட்டதாகக் கருதிப் பிணவறையில் கிடத்தினார்கள் என்றும், நினைவு திரும்பியதும் அவர் உள்ளிருந்து கதவைத் தட்டினார் என்றும் கூறப்படுகிறது. கதவுக்கு வெளியே நின்றவர்கள் அடைந்த திகிலை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

உயிர் தப்பினாலும், அவர் பறப்பதற்குத் தகுதியற்றவர் என வைத்தியர்கள் தீர்ப்பளித்தனர். உடல் தேறிவந்த அந்த மாதங்களில் ரோய் பென்சிலைக் கையில் எடுத்தார். விமானங்களையும் வான் சண்டைகளையும் தாள் தாளாக வரைந்தார். அப்படங்கள் பல இன்றும் எஞ்சியுள்ளன. ஓர் இயந்திரத்தைச் சரியாக வரைய வேண்டுமாயின் அதன் ஒவ்வோர் உறுப்பையும் உற்றுநோக்கி அறிந்திருக்க வேண்டும். ரோய் விமானங்களை எவ்வளவு ஆழமாக நேசித்தார் என்பதற்கு அப்படங்களே சான்றாகும்.

ஒரு மாதம், பத்து வெற்றிகள்

மீண்டும் பறக்க அனுமதிக்குமாறு ரோய் விடாது வேண்டிக்கொண்டார். இறுதியில் அனுமதி கிடைத்தது. 1918 ஜூன் மாதம் அவர் 40ஆம் விமான அணியில் சேர்ந்தார். அதற்குள் அரச பறக்கும் படையும் கடற்படையின் விமானப் பிரிவும் இணைக்கப்பட்டு, 1918 ஏப்ரல் 1ஆம் திகதி அரச விமானப் படையாக மாறியிருந்தன. கப்டன் ஜோர்ஜ் மக்எல்ரோய் என்ற தேர்ந்த விமானியின் வழிகாட்டல் அங்கு ரோய்க்குக் கிடைத்தது.

ஜூலை 6ஆம் திகதி ரோய் தமது முதலாவது வெற்றியைப் பெற்றார். ஜூலை 8ஆம் திகதி ஏறத்தாழ நான்கு மணிநேரத்துக்குள் மூன்று வெற்றிகளைப் பெற்றார். ஜூலை 19ஆம் திகதியாகும்போது அவரது கணக்கில் பத்து வெற்றிகள் பதிவாகியிருந்தன. அவற்றுட் சில சக விமானிகளுடன் பகிர்ந்துகொண்டவை. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட விமானங்களை வீழ்த்திய விமானியைப் போர் வரலாற்றில் தனிச்சிறப்புடன் குறிப்பிடுவது வழக்கம். அச்சிறப்பைப் பெற்ற முதல் இந்தியர் ரோயே.

மூன்று நாட்களின் பின், 1918 ஜூலை 22ஆம் திகதி, பிரான்சின் கார்வின் நகருக்கு மேலே ஜேர்மனியின் பொக்கர் விமானங்களுடன் நடந்த சண்டையில் ரோயின் விமானம் வீழ்ந்தது. அவருக்கு அப்போது வயது 19 மட்டுமே. உங்களை விட மூன்று நான்கு வயது மூத்தவர், அவ்வளவுதான். அவருக்கு வழிகாட்டிய மக்எல்ரோயும் ஜூலை 31ஆம் திகதி கொல்லப்பட்டார். அதற்குப் பின் நான்கு மாதங்கள் கூடச் செல்லவில்லை, போர் முடிந்துவிட்டது.

நினைவுச் சின்னங்கள்

1918 செப்டெம்பரில் ரோய்க்குச் சிறப்புப் பறப்புச் சிலுவை என்னும் விருது அறிவிக்கப்பட்டது. இவ்விருதைப் பெற்ற முதல் இந்தியரும் இவரே. அவரது கல்லறை பிரான்சின் எஸ்தவெல் என்னும் சிற்றூரில் உள்ளது. அதில் வங்காள மொழியிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. அவரது நூற்றாண்டையொட்டி 1998இல் இந்திய அரசு நினைவு முத்திரை வெளியிட்டது.

அவர் செலுத்திய வகையைச் சேர்ந்த எஸ்.ஈ.5ஏ விமானங்கள் 5,000க்கு மேல் தயாரிக்கப்பட்டன. அவற்றுள் எஞ்சியவை மிகச் சில. இங்கிலாந்தின் ஓல்ட் வார்டன் என்னுமிடத்தில், பழைய விமானங்களை நேசிப்போர் ஒன்றைப் பறக்கும் நிலையிலேயே பேணி வருகின்றனர். புதுடில்லி பாலம் பகுதியிலுள்ள இந்திய விமானப் படை நூதனசாலையும், இரத்மலானையிலுள்ள இலங்கை விமானப் படை நூதனசாலையும் பழைய படை விமானங்களைப் பாதுகாக்கின்றன. கொழும்புக்குக் கல்விச் சுற்றுலா செல்லும் வாய்ப்புக் கிடைத்தால் இரத்மலானையில் அவற்றை நேரிற் காணலாம்.

நாம் சிந்திக்க வேண்டியவை

மாணவர்களே, ரோயின் வாழ்விலிருந்து விடாமுயற்சியைக் கற்கலாம் என்று எழுதினால் உங்கள் விடை சரியானதே. ஆனால் அத்துடன் நிறுத்திவிடாதீர்கள். அவர் வீழ்த்திய விமானங்களிலும் மனிதர்கள் இருந்தார்கள். அவர்களுள்ளும் சிறுவயதிலிருந்தே விமானங்களை விரும்பியவர்கள் இருந்திருப்பார்கள். ஒரே ஆசை கொண்ட இளைஞர்களைப் போர் வானத்தின் இரு பக்கங்களில் நிறுத்திவிட்டது. இருபது வயதைக் காணாத ஒருவரின் அறிவும் ஓவியத் திறனும் அத்துடன் முடிந்துபோயின. அவர் பல்கலைக்கழகத்துக்குச் சென்றிருந்தால் என்ன ஆகியிருப்பார் என்பதை எவரும் கூற முடியாது.

விமானத்தை நேசிப்பது தவறன்று. அதன் சிறகையும் எஞ்சினையும் அறிய விரும்புவது அறிவின் வழி. எனினும் அதனை நிலத்திலிருந்து பார்த்தவர்களின் அனுபவத்தையும் அறிந்தால்தான் அந்த அறிவு முழுமையடையும். பலாலி விமான நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப் படையின் தேவைக்காக அமைக்கப்பட்ட ஓடுபாதை அது. பின்னர் உள்நாட்டுப் போரையும் கண்டது. 2019ஆம் ஆண்டு ஒக்டோபர் 17ஆம் திகதி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. போருக்கென அமைந்த ஓடுபாதையில் பயணிகள் வந்திறங்கவும் முடியும் என்பதை நீங்கள் உங்கள் காலத்திலேயே கண்டிருக்கிறீர்கள். ஆகவே உங்கள் கொப்பியில் விமானம் வரைவதை நிறுத்த வேண்டியதில்லை. பௌதிகமும் கணிதமும் கற்று, மனிதரை அஞ்சி ஓடவைக்காத விமானங்களை ஆக்குவோராகவும் செலுத்துவோராகவும் வளருங்கள்.

நினைவில் வைத்திருக்க வேண்டிய ஆண்டுகள்

1898 – கல்கத்தாவில் பிறப்பு
1917 – படையிற் சேர்தல், டிசெம்பரில் விபத்து
1918 ஜூலை 6 முதல் 19 வரை – பத்து வெற்றிகள்
1918 ஜூலை 22 – மறைவு
1998 – நினைவு முத்திரை வெளியீடு

பயிற்சி வினாக்கள்

1. ரோய் முதலில் நிராகரிக்கப்பட்டதன் காரணம் யாது? அக்காரணம் அக்காலத்தில் ஏன் முக்கியமானதாகக் கருதப்பட்டது?
2. சுழலும் விசிறியின் ஊடாகச் சுட முடிந்தது எவ்வாறு? மூன்று வாக்கியங்களில் விளக்குக.
3. ரோய் வரைந்த படங்கள் அவரைப் பற்றி எமக்கு உணர்த்துவது யாது?
4. ‘ஒரே இயந்திரம் வியப்பையும் அச்சத்தையும் தருகிறது’ – உங்கள் வீட்டிலுள்ள முதியவர் ஒருவரிடம் கேட்டறிந்தவற்றையும் சேர்த்து 150 சொற்களில் கட்டுரை எழுதுக.

குறிப்பு: வாழ்க்கை வரலாறு எழுதும்போது ஆண்டுகளை வரிசைப்படுத்துவதுடன் நின்றுவிடாதீர்கள். ஒவ்வொரு நிகழ்வும் ஏன் நிகழ்ந்தது என்பதையும் ஓரிரு வாக்கியங்களில் எழுதினால் விடை சிறப்படையும்.